படத்தில் பார்த்த சிட்டு

மார்ச் 2, திங்கள்

படங்கள் வந்துவிட்டன. கோடை விடுமுறைக்குக் கடைகளில் இறங்கப்போகும் நுரைத்தோட்டா துப்பாக்கிகளை இன்று அறிவித்திருக்கிறார்கள். ஸ்டார்க்ரே நிறுவனத்திலிருந்து ஐந்து, நம்மூர் பட்டாம் டாய்ஸிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், இரண்டு வரி விளம்பரம். பொருள் கைக்கு வர ஏப்ரல் ஆகும். அதுவரை ஊருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும்தான்.

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் விளங்கவேண்டுமே என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் திருமூர்த்தி, வயது நாற்பத்து மூன்று. பகலில் காந்திபுரத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் மதிப்பீட்டு அதிகாரி. மற்ற நேரத்தில் 'நுரைத்தோட்டா' சேனலின் நீதிபதி. பஞ்சுத் தோட்டா சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கிகளை ஆராய்ந்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது என் பணி. குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அலமாரி நிறையப் பொம்மைத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

சேனலில் அதிகம் ஓடுவது 'முன்தீர்ப்பு'. பொருள் வருவதற்கு முன்பே படத்தை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிடுவேன். கைப்பிடியின் வளைவு, குழலின் நீளம், ஸ்பிரிங் இருக்கும் இடத்தின் பருமன், இவை போதும். கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்து எவனும் சொல்வான்.

இதே விஷயத்தில்தான் ஜெரால்டு விலகிப் போனான். கல்லூரியில் என் பக்கத்துப் பெஞ்சு. சேனலை என்னோடு ஆரம்பித்தவன். நாங்கள் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் சேர்ந்து வாங்கிய சிவப்புச் சுழல்நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறேன். "உனக்குத் தீர்ப்பு சொல்றதுக்குப் பொருளே வேண்டாமேடா" என்றான் இரண்டு வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஏதோ மோல்டிங் கம்பெனியில் இருக்கிறானாம். நல்லது.

மார்ச் 8, ஞாயிறு

முன்தீர்ப்பு பதிவு செய்தாயிற்று. என் மனைவி சுகந்தி வழக்கம்போல விளக்கைப் பிடித்தாள்.

ஸ்டார்க்ரே கார்கனுக்கு ஒன்பது. மோட்டார் வைத்தது, கறுப்பு உடம்பு, பார்த்தாலே மரியாதை வருகிறது. மற்ற நான்கும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். கடைசியில் பட்டாம் டாய்ஸ்காரர்களின் 'சிட்டு'. கிளிப்பச்சை உடம்பு, மஞ்சள் பிடி, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. குழல் கட்டைவிரல் நீளம். விசையைச் சுற்றியிருக்கும் வளையம் மட்டும் இத்தனை பெரிசு. "இதில் என் மனைவியின் வளையலே நுழையும். அளவெடுத்தவர் அன்றைக்கு லீவா?" என்று கேட்டேன். பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் நிறத்துக்காக.

பேச்சு சூடேறிய இடத்தில் ஒரு சபதமும் வந்து விழுந்தது. "இந்தச் சிட்டு முப்பதடி தாண்டினால், இதைச் செய்தவர் யாரோ அவருக்கே இந்தச் சேனலையும் இந்த நாற்காலியையும் கொடுத்துவிடுகிறேன்." நன்றாக அமைந்தது. வெட்ட மனம் வரவில்லை.

விளக்கை அணைத்துவிட்டுச் சுகந்தி கேட்டாள், "செஞ்சவங்க யாருன்னு பாத்தீங்களா?"

செய்தவன் முகத்தைப் பார்த்தால் தீர்ப்பு கோணிவிடும் என்றேன். அவள் உளுந்து ஊறவைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

சபதத்தை மட்டும் யாரோ தனியாக வெட்டிப் பரப்பியிருக்கிறார்கள். முழு வீடியோவைவிட அது அதிகம் ஓடுகிறது. புகழ் என்பது நாம் நினைத்த இடத்திலிருந்து வருவதில்லை.

மார்ச் 12, வியாழன்

அலுவலகத்தில் எரிச்சல். ஒரு அம்மாள் வாட்சப்பில் சங்கிலியின் படத்தை அனுப்பி எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டார். உரைத்துப் பார்க்காமல், எடை போடாமல், படத்தைப் பார்த்து மதிப்புச் சொல்ல நான் என்ன ஜோசியனா? எங்கள் தொழிலுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. இருபது வருஷத்தில் கல்லில் உரைக்காமல் ஒரு கம்மலைக்கூட நான் உள்ளே எடுத்ததில்லை. நேரில் கொண்டு வாருங்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னபோது அவள் அளவுக்கு மீறிச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வேறு வேலை இல்லாததால் சிட்டின் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வளையம். ஒரு விரல் போக அவ்வளவு இடம் தேவையில்லை. இரண்டு விரல் தாராளமாகப் போகும்.

ஜெரால்டுக்கு வலது ஆள்காட்டி விரல் மடங்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டறை அச்சில் மாட்டி நசுங்கியது. நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துத்தான் விசையை இழுப்பான். எந்தத் துப்பாக்கியிலும் அந்த இரண்டு விரலும் நுழையாது. நுழைத்துவிட்டு எடுக்க முடியாமல் ஒரு தடவை எண்ணெய் ஊற்றவேண்டி வந்தது. அப்போது நாங்கள் சிரித்த சிரிப்பு.

ஊரில் விரல் மடங்காதவர்கள் எத்தனையோ பேர். இதில் எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 24, செவ்வாய்

சிவப்பு நாற்காலியில் கேஸ் போய்விட்டது. உட்கார்ந்தால் தானாகக் கீழே இறங்குகிறது. மாற்றவேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒப்பணக்கார வீதியில் பொம்மை மொத்த வியாபாரம் செய்யும் குப்பண்ணன் போன் செய்தார். ஊருக்குள் பாதிக் கடைகளுக்குச் சரக்கு அவரிடமிருந்துதான் போகிறது. "நீங்க சொன்னப்பறம் அந்தப் பச்சை ஐட்டத்த எடுக்கலைங்க சார்" என்றார். கார்கன் மட்டும் நூறு பெட்டி சொல்லியிருக்கிறாராம். ஒரு மனிதனின் சொல்லுக்கு இத்தனை மதிப்பு இருப்பது சும்மா வருவதல்ல. இதைச் சுகந்தியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் சப்பாத்தி மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சிட்டு ஜெரால்டண்ணன் பண்ணுனதுங்க. ஃபிலோ அக்கா ஜனவரியிலயே சொன்னாங்க. கடக்காரங்க யாரும் எடுக்க மாட்டேங்கறாங்களாமா. இந்த லீவுக்குள்ள ஓடலீன்னா அச்ச ஒடச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்களாமா. அண்ணன் சரியாச் சாப்படறதே இல்லையாமா."

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செய்தவர் யார் என்று பார்த்தால் தீர்ப்பு கோணிவிடும் என்று நான்தான் சொன்னேனாம்.

எந்த ஜெரால்டு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஜெரால்டுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். போத்தனூரில் ஜெரால்டு வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பேச்சு நின்றாலும் அவன் மனைவி ஃபிலோமினா இரண்டு வருஷமாகப் பாத்திரத்தை நிறுத்தவில்லை. கறி பதமாக வெந்திருந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். அடியில் இருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, இது அந்த வீட்டில் ஒருவன் சாப்பிடாமல் விட்ட பங்காக இருக்குமோ என்று தோன்றிற்று. கையைக் கழுவிவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

கார்கன் வந்தது. மூன்றாவது தோட்டாவை மோட்டாருக்குள் இழுத்து மென்று துப்பியது. நான்காவதைத் துப்பவே இல்லை. என் பெட்டி மட்டும் பழுதாக இருக்கலாம். ஒன்பதை எட்டரையாகத் திருத்தியிருக்கிறேன்.

குப்பண்ணனின் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, சனி

சிட்டு வந்தது. இன்று சோதனை.

எங்கள் முறை இது. பி பிளாக் மூன்றாம் மாடிக் காரிடார்தான் களம். எங்கள் 3-ஏ வாசலில் நான் நின்று சுடுவேன். சுகந்தி சாக்பீஸோடு தள்ளி நிற்பாள். தோட்டா முதலில் தரையைத் தொட்ட இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் துப்பாக்கியின் பெயரையும் எத்தனையாவது சூடு என்பதையும் எழுதுவாள். பிறகு டேப் பிடித்து அளப்போம். கேமரா என் பக்கம் மட்டும். அந்தப் பக்கம் சுகந்தி சொல்வதுதான் சாட்சி. ஒவ்வொரு சோதனைக்கும் புதுத் தோட்டா பாக்கெட் பிரிக்கவேண்டும். இது ஜெரால்டு போட்ட விதி. தலை நசுங்கின பழைய தோட்டாக்கள் 'ஓய்வு டப்பா'வுக்குப் போய்விடும்.

முதல் சூடு. சிட்டு கையில் கனமே இல்லை. பிடியை இழுத்தால் வெண்ணெயாக வருகிறது. விசையைத் தொட்டதும் தோட்டா சுகந்தியின் தலைக்கு மேலே போய்க் காரிடார் கடைசியில் 3-ஹெச் கதவில் 'டக்' என்று அடித்து வாசலில் விழுந்தது. உள்ளேயிருந்து விசாலம் அம்மா யாரது என்று கேட்டார். நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. பிறகு சுகந்தி குனிந்து கோடு போட்டாள்.

புதுப் பொருளின் முதல் சூடு கணக்கில் வராது என்று ஒரு விதி இருக்கிறது. இன்று மதியம் உண்டானது.

இரண்டாவது 3-ஜி வாசல். மூன்றாவதும் அங்கேயே. புதுத் தோட்டாக்களின் வழுவழுப்பு சோதனையைக் கெடுக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கை தானாக ஓய்வு டப்பாவுக்குப் போயிற்று. நான்காவது சூடு தள்ளாடிப் போய் 3-டி வாசலில் உட்கார்ந்தது. அளந்தால் இருபத்தெட்டு அடி. நான் எதிர்பார்த்தது போலவே.

சுகந்தி அந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள். "ஏனுங்க, இது ஓய்வு டப்பா புல்லட்டுங்க."

வீடுகளில் பிள்ளைகள் என்ன தினம் ஒரு பாக்கெட் பிரித்தா விளையாடுகிறார்கள், நிஜ வாழ்க்கையையும் பார்க்கவேண்டாமா என்றேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நா விழுந்த எடத்துலதான் கோடு போடுவேன்" என்றாள். திரும்பிப் போய், குனிந்து, அந்தக் கோட்டையும் போட்டாள். சிட்டு 4 என்று எழுதினாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தீர்ப்பு பதிவு. "சிட்டு, இருபத்தெட்டு அடி. சொன்னேனா இல்லையா?" இந்த ஒரு வரியை எடுப்பதற்குள் பெரும் பாடாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் "சொன்னேனா" என்ற இடத்தில் நாற்காலி இறங்க ஆரம்பித்து, "இல்லையா" வரும்போது படத்தில் என் தாடைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் முட்டியை மடக்கி, உட்காராமல் உட்கார்ந்தபடி சொல்லி முடித்தேன்.

விளக்குப் பிடிக்கச் சுகந்தி வரவில்லை. மணிக்கட்டு வலியாம். அதே மணிக்கட்டால் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை ஒன்று மாலை தானாக வெளியாகும்படி போட்டு வைத்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் நாற்காலியைக் கொடுத்திருப்பேன். உண்மையாகவே கொடுத்திருப்பேன். அவனிடம் கொண்டுபோய் நிற்க முடியாது.

ஏப்ரல் 13, திங்கள்

குடியிருப்போர் சங்கத்தின் வாட்சப் குழுவில் நான் இன்று பிரபலம். செயலாளர் பரமசிவம் காரிடாரைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். நாளை வருஷப் பிறப்பு, தரை முழுக்கச் சாக்பீஸ் கிறுக்கல், செய்தவர்கள் காலைக்குள் துடைக்கவேண்டும் என்று உத்தரவு. குழாய் பதிக்கக் குறி போட்டிருக்கிறார்களா என்று 2-பி கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர், தரைக்கல் ஒன்று இரண்டடி என்று வைத்து எண்ணிப் பார்த்து, கடைசிக் கோடு 3-ஏ வாசலிலிருந்து ஐம்பத்தாறு அடி என்று அறிவித்தார். இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. முதல் மாடியில் என் சேனலைப் பார்க்கிற பெண் ஒருத்தி, "சார், இது அந்தச் சிட்டா?" என்று கேட்டிருக்கிறாள்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு படம் போட்டேன். காலையில் நானே துடைத்துவிடுவதாக எழுதினேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வாளியும் ஈரத்துணியுமாகக் கிளம்பினேன். 3-டி வாசலில் சிட்டு 4 ஒரே இழுப்பில் போயிற்று. அதைத் துடைக்கும்போது ஏதோ உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. 3-ஜி வாசலில் இரண்டும் போயின.

3-ஹெச்சில் விசாலம் அம்மா ஏற்கெனவே வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருந்தார். நல்ல பெரிய கோலம். ஒரு மூலையில் மட்டும் கோடு வளைந்து ஒதுங்கிப் போயிருந்தது. அந்த வளைவுக்குள் தண்ணீர் படாமல் சுகந்தியின் எழுத்து அப்படியே இருந்தது. சிட்டு 1.

மாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்த விசாலம் அம்மா நான் பார்ப்பதைப் பார்த்தார். "நீங்க என்னமோ அளந்து வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது. அளந்தத அழிக்கக் கூடாதேன்னு சுத்திப் போட்டுட்டனுங்க" என்றார்.

எனக்கு அங்கேயே வெட்கமாகப் போய்விட்டது. துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன், அதில் தண்ணீர் தீர்ந்த பிறகும். கண் கலங்கியதற்கு வருஷப் பிறப்புச் சாம்பிராணிப் புகையைச் சொல்லலாம்தான். ஆனால் ஜெரால்டு நினைவுதான் வந்தது. மடங்காத விரலோடு அவன் எங்கேயோ உட்கார்ந்து அந்த வளையத்துக்கு அளவெடுத்திருப்பான். அதைத்தான் நான் வளையல் நுழையும் என்றேன்.

வீட்டுக்கு வந்து மாலை வெளியாக இருந்த வீடியோவை நீக்கினேன். புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்தேன். சுகந்தியைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. சாக்பீஸோடு வாசலில் நின்றாள், மணிக்கட்டு குணமாகியிருந்தது. ஒரு போன் என் பக்கம், ஒரு போன் அவள் பக்கம். ஐந்து சூடு. ஐந்தும் 3-எஃப்பைத் தாண்டின. முன்பு எதை வைத்துச் சுட்டேன் என்பதையும் சொல்லி, எதையும் வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டேன். பரமசிவம் இன்னொரு படம் போடுவார், போடட்டும்.

பிறகு சிவப்பு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் போத்தனூர் போனோம். ஜெரால்டுதான் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். என்னை விட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்தான்.

"முப்பதடி தாண்டிருச்சுடா" என்றேன். யோசித்து வைத்திருந்த மற்ற எதுவும் வாயில் வரவில்லை.

"எவ்வளவு?"

"விசாலம் அம்மா கதவு."

 அவன் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அது மெல்ல இறங்கியது. அடி தட்டித்தான் நின்றது.

"இன்னும் கேஸ் மாத்தலியாடா நீ?" என்றான், தரைக்குப் பக்கத்திலிருந்து.

மாற்றவில்லை என்றேன். சேனலும் இனி உன்னுடையது, கடவுச்சொல் உன் பிறந்த நாள்தான், மாற்றவே இல்லை என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.  அவன் கழுத்தை நிமிர்த்தி மேலும் கீழும் என்னைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டு நீ என்ன பண்ணுவ?"

"நீ ஏதாவது வேலை போட்டுக் குடு."

"யோசிக்கணும்" என்றான். "உன்னையப் படத்தப் பாத்துச் சொல்லட்டுமா, சுட்டுப் பாத்துச் சொல்லட்டுமா?"

ஃபிலோமினா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஜெரால்டு சிரித்து நாளாயிற்று போலிருக்கிறது. தட்டு எடுத்துப் போடச் சொன்னான், நான்கு பேருக்கும்.

ஏப்ரல் 20, திங்கள்

குப்பண்ணன் வந்தார். சிட்டை இரண்டு டஜன் மட்டும் எடுக்கிறாராம். "நீங்க திட்டுனா நம்பறனுங்க. பாராட்டுனாத்தான் யோசனையா இருக்குது" என்றார். கார்கன் நூறு பெட்டியைப் பற்றி அவர் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. பட்டாம் டாய்ஸில் அச்சை இன்னும் உடைக்கவில்லை. மே கடைசி வரை பார்ப்பார்களாம்.

மே 3, ஞாயிறு

குப்பண்ணன் இன்னும் ஆறு டஜன் கேட்டிருக்கிறார்.

ஜெரால்டு சேனலில் முதல் பதிவு. முன்தீர்ப்பு இனிக் கிடையாது என்று அறிவித்தான். பார்வையாளர் எண்ணிக்கை உடனே குறைந்தது. அவனுக்கு அதில் வருத்தமில்லை, எனக்குக் கொஞ்சம் உண்டு. நாற்காலிக்குப் புது கேஸ் போட்டாயிற்று. சுகந்தி கேமரா. என் வேலை என்ன என்று கேட்டதற்கு அவன் சாக்பீஸை நீட்டினான்.

காரிடாரின் கடைசியில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் 3-ஏ வாசல் எவ்வளவு தூரம் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. ஜெரால்டு சிட்டைத் தூக்கினான். நடுவிரலும் மோதிர விரலும் வளையத்துக்குள் போயின. இடம் மிச்சம் இருந்தது.

நான் விழுந்த இடத்தில்தான் கோடு போடுகிறேன்.